கோபஸ் வகுப்பறைக் கவனிப்புத் தாள்: பயன்படுத்திப் பார்த்த ஒரு கல்லூரி ஆசிரியரின் விமர்சனம்

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரி ஆசிரியர் தன் வகுப்பைத் தானே சரிசெய்துகொள்ள நினைத்தால் கோபஸைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் நிர்வாகம் ஆசிரியருக்கு மார்க் போட நினைத்தால் இதைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்பதுதான் மீதி விமர்சனம். நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நம் ஊரில் யாரும் இதைப் பயன்படுத்தித் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

கோபஸ் (COPUS) என்பது ஒரு தாள். அவ்வளவுதான். ஆப் கிடையாது, சந்தா கிடையாது, காசு கிடையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் மேய்ன் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர்கள் சேர்ந்து உருவாக்கி 2013ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் கார்ல் வீமன், 2001ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், அப்புறம் கல்லூரிக் கற்பித்தலை எப்படி மேம்படுத்துவது என்பதிலேயே முழுமூச்சாக இறங்கியவர். வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் இந்தத் தாளோடு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஒரு வரிசைக் கட்டங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் மாணவர்கள் என்ன செய்தார்கள், ஆசிரியர் என்ன செய்தார் என்று டிக் அடிக்க வேண்டும். மாணவர்களுக்கு 13 குறியீடு, ஆசிரியருக்கு 12, மொத்தம் 25. ஒரே இரண்டு நிமிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை நடந்திருந்தால் எல்லாவற்றுக்கும் டிக். எங்கள் ஹவர் 50 நிமிடம், ஆக 25 வரிசை. மணி அடிக்கும்போது தாள் நிரம்பியிருக்கும்.

இதில் முக்கியமானது, எதற்கும் நல்லது கெட்டது என்று மார்க் கிடையாது. கிரிக்கெட்டில் ஸ்கோரர் ஒவ்வொரு பந்துக்கும் என்ன ஆனது என்றுதான் எழுதுவார், ஷாட் அழகாக இருந்ததா என்று எழுத மாட்டார் இல்லையா, அது மாதிரி. ஆசிரியர் பேசினார், போர்டில் எழுதினார், கேள்வி கேட்டார், மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், பெஞ்சுகளுக்கு இடையே நடந்துபோய் உதவினார், அட்டெண்டன்ஸ் மாதிரி வேலை பார்த்தார், சும்மா காத்திருந்தார். மாணவர்கள் பக்கம், கவனித்தார்கள் அல்லது நோட்ஸ் எடுத்தார்கள், தனியாக யோசித்தார்கள், குழுவாகக் கணக்குப் போட்டார்கள், பதில் சொன்னார்கள், கேள்வி கேட்டார்கள், காத்திருந்தார்கள். இப்படித்தான் பட்டியல் போகிறது.

சரி, இது எதற்கு, ஃபீட்பேக் ஃபார்ம்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் கோபஸின் அருமை அங்கேதான் புரியும்.

எங்கள் கல்லூரியில் நிர்வாக வேலைகளுக்கு ஒரு ஈஆர்பி மென்பொருள் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதில் ஃபீட்பேக் என்று ஒரு பகுதி. செமஸ்டர் முடியும் நேரத்தில் திறப்பார்கள். மாணவர் எல்லாப் பாடத்துக்கும் எல்லா ஆசிரியருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட்டு முடித்தால்தான் ஹால் டிக்கெட் பக்கம் திறக்கும். அந்த நேரத்தில் ஒரு மாணவன் என்ன செய்வான்? மளமளவென்று ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டு ஹால் டிக்கெட்டை எடுப்பான். கோபம் இருந்தால் ஒன்று ஒன்றாகப் போடுவான். கடைசியில் கருத்து எழுத ஒரு பெட்டி உண்டு, அது பெரும்பாலும் காலி, எழுதியிருந்தாலும் அது ஆசிரியரின் கைக்கு வராது, ஹெச்ஓடி, அதாவது துறைத்தலைவர், வரைக்கும்தான் வரும். நமக்குக் கிடைப்பது இரண்டு தசமத்தோடு ஒரு சராசரி. 4.21 வாங்கியவரும் 4.08 வாங்கியவரும் வேறு வேறு தரமான ஆசிரியர்கள் என்று அதை வைத்து வரிசை போடுவார்கள். இந்த மென்பொருள் செய்யும் தவறுகளிலேயே எனக்குப் பெரிதாகத் தெரிவது நேரம்தான். முடிவு வரும்போது அந்த வகுப்பு முடிந்துபோயிருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. எனக்கும் அந்த 3.9ஐ வைத்துக்கொண்டு நாளை காலை வகுப்பில் எதை மாற்றுவது என்று தெரியாது.

இது எங்கள் கல்லூரியின் பிரச்சினை மட்டும் இல்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் தன் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பில் 20 தேர்வுக் கேள்விகளும் கடைசியில் எழுத்தில் பதில் சொல்ல ஒரு கேள்வியும் கேட்கிறது, அது கல்லூரி முழுக்கச் சேர்த்து ஒரு மதிப்பு, தனி ஆசிரியருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2019ல் கொண்டுவந்த 360 டிகிரி மதிப்பீட்டில் 100க்கு 25 மாணவர் ஃபீட்பேக்குக்கு. ஆக இந்த எண் ஒருவரின் பதவி உயர்வு வரைக்கும் போகிறது. அந்த எண்ணுக்கும் மாணவர்கள் கற்றுக்கொண்டதற்கும் தொடர்பு இருக்கிறதா என்றால், 2017ல் உட்ல் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்பு இல்லை என்றுதான் எழுதினார்கள். டொராண்டோவில் ரையர்சன் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் இதை நடுவர் மன்றம் வரை கொண்டுபோய், கற்பித்தல் திறனை அளப்பதாகச் சொல்லி மாணவர் மதிப்பெண்ணைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018ல் தீர்ப்பு வாங்கியது.

அதற்காக மாணவர்களிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா, டெஸ்ட் பேப்பரைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாரா, டவுட் கேட்டால் எரிந்து விழுகிறாரா, இதையெல்லாம் அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது. எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்பதை மட்டும் அவர்களால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. ஹார்வர்டில் ஒரு அறிமுக இயற்பியல் வகுப்பில் இதைச் சோதித்து 2019ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிக்கு நல்ல பேச்சாளர் சரளமாக விரிவுரை நடத்தினார், இன்னொரு பகுதிக்கு அதே பாடம், மாணவர்களே முட்டிமோதிக் கணக்குப் போட்டுப் படிக்கும் விதத்தில். டெஸ்டில் இரண்டாவது பகுதிதான் அதிக மார்க் வாங்கியது. ஆனால் அதிகம் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தது முதல் பகுதி. சரளமாகக் கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும், தானே போட்டுப் பார்த்தால் குழப்பமாக இருக்கும், அந்தக் குழப்பத்தில்தான் படிப்பு நடக்கிறது. நம் ஃபீட்பேக் ஃபார்ம் அந்தக் குழப்பத்துக்குத்தான் மார்க்கைக் குறைக்கிறது.

இப்போது கோபஸுக்கு வருகிறேன். எங்கள் துறை ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். நெருக்கமாகப் பழகும் சில ஆசிரியர்கள் மட்டும் சேர்ந்து, அலுவலகத்தில் எதுவும் சொல்லாமல் தொடங்கினோம். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காருவது. பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள், அது உண்மைதான். சின்னச் சின்ன வீடியோத் துண்டுகளைப் போட்டு, தனித்தனியாக டிக் அடித்து, அப்புறம் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எங்கே மாறுகிறது என்று பேச வேண்டும். இதற்கு என்பிடெல் என்ற இணையப் பாட வீடியோக்கள் சரிப்படாது, அதில் ஆசிரியர்தான் தெரிவார், மாணவர்கள் தெரிய மாட்டார்கள். நாங்கள் எங்கள் வகுப்பையே பின்னால் இருந்து போனில் எடுத்துக்கொண்டோம்.

ஒப்பிடும்போது எங்கே மோதல் வந்தது தெரியுமா? 'புரிஞ்சுதா?' என்ற இடத்தில். நம் வகுப்பில் ஆசிரியர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'புரிஞ்சுதா?', 'ஓகேவா?', 'எனி டவுட்ஸ்?' என்பார், முன் பெஞ்சில் நாலு பேர் தலையாட்டுவார்கள், அடுத்த ஸ்லைடு வரும். ஒருவர் அதைக் கேள்வி கேட்டதாக டிக் அடித்திருந்தார், இன்னொருவர் அடிக்கவில்லை. கோபஸ் விதி தெளிவாக இருக்கிறது, பதிலை எதிர்பார்த்துக் கேட்டால்தான் கேள்வி, ஒப்புக்குக் கேட்பது கணக்கில் வராது. இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த பிறகு எங்கள் தாள்களில் கேள்விக் கட்டம் எப்படிக் காலியானது என்பதைப் பார்த்தபோது எல்லோருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் நிறையக் கேள்வி கேட்கிறோம் என்றுதான் மனதார நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு சீனியர் சார் இருக்கிறார், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் எடுப்பவர், ஃபீட்பேக்கில் வருஷா வருஷம் முதலிடம், உண்மையிலேயே அருமையாகப் பேசுவார். அவரிடம், "சார், ஒரு ஹவர் உங்க கிளாஸ்ல உட்காரலாமா?" என்று கேட்டபோது, "தாராளமா வாங்க" என்றார். கன்வல்யூஷன் நடத்தினார், ஒரு சிக்னலின் கிராஃபைத் திருப்பி இன்னொன்றின் மேல் நகர்த்திப் போடும் கணக்கு. தாளைப் பார்த்தால் ஆசிரியர் பக்கத்தில் பேச்சுக் கட்டமும் போர்டில் எழுதும் கட்டமும் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு. மாணவர் பக்கத்தில் கவனிக்கும் கட்டம் மட்டும் அதே மாதிரி ஒரே கோடு. வேறெங்கும் ஒன்றும் இல்லை. தாளைக் காட்டுவதற்கு முன்பு, "எவ்வளவு நேரம் பசங்க ஏதாவது செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க சார்?" என்று கேட்டேன். "பாதி நேரம் இருக்கும்" என்றார். அப்புறம் தாளைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை. அடுத்த வாரம் அவரே வந்து, "நடுவுல ஒரு சின்ன சம் கொடுத்து பக்கத்துல இருக்கறவனோட போடச் சொல்லிப் பார்த்தேன், கிராஃபை ஃபிளிப் பண்றதுலயே பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க, இத்தனை வருஷமா எனக்கு இது தெரியாது" என்றார். இதை எந்த 4.7ம் அவருக்குச் சொல்லியிருக்காது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கும் ஒரு இளம் மேடம், ஃபீட்பேக்கில் எப்போதும் கீழே, 'சரியா நடத்த மாட்டேங்கறாங்க, எங்களையே போடச் சொல்றாங்க' என்பது மாணவர்களின் குறை. அவர் தாளைப் பார்த்தால் கார்னா மேப் (லாஜிக் சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்டப்படம்) பாடத்தில் குழுவாகக் கணக்கு, மேடம் பெஞ்சு பெஞ்சாக நடந்து உதவி, போர்டுக்குத் திரும்பி வந்து பொதுவாக வந்த தவறுகளை எடுத்து விளக்கம், மறுபடி கணக்கு. வகுப்பு உயிரோடு இருந்தது. ஆனால் கணக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஏன் கொடுக்கிறேன், எவ்வளவு நேரம், முடிவில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் மாணவர்கள் கொஞ்ச நேரம் சும்மா காத்திருந்தார்கள், தாளில் காத்திருக்கும் கட்டத்தில் டிக் விழுந்தது. அதைச் சரிசெய்வது ரொம்ப எளிது, சரிசெய்தார். இப்படிப்பட்ட ஒரு ஆசிரியரைச் சராசரி எண்ணை வைத்துத் தினம் தினம் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்களே என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அட்டெண்டன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 60 பேர் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் முதல் இரண்டு மூன்று வரிசைகள் போய்விடுகின்றன. கடைசியில் சர்க்குலர் வாசிப்பு, ஃபீஸ் கட்டாதவர் பட்டியல், பிளேஸ்மெண்ட் அறிவிப்பு. தாளில் பார்க்கும்போதுதான் ஒரு ஹவரில் எவ்வளவு இதற்குப் போகிறது என்று கண்ணில் படுகிறது. இப்போது எங்களில் பலர் காலி இடத்தைப் பார்த்து மட்டும் அட்டெண்டன்ஸ் போடுகிறோம்.

எங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி தாளில் இரண்டு குறியீட்டை நாங்களாகவே சேர்த்தோம். ஒன்று டிக்டேஷன், ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர்கள் வார்த்தை மாறாமல் எழுதுவது. வட அமெரிக்க வகுப்பில் இது பெரிதாக இருக்காது போல, அங்கே பேச்சு என்று ஒரே குறியீடு. இங்கே பேச்சும் டிக்டேஷனும் ஒன்று இல்லை, எழுதும்போது பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. இன்னொன்று, எந்த இரண்டு நிமிடத்தில் தமிழில் பேச்சு நடந்தது என்பது. மாணவர்களின் கேள்விகள் எங்கே வருகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஆசிரியர் தமிழில் விளக்கிய கட்டத்துக்குப் பக்கத்திலேயேதான் வருகின்றன. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கி வாயே திறக்காமல் இருந்திருக்கிறார்கள், அதை ஆர்வம் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு எச்சரிக்கை, இப்படி நாமே குறியீடு சேர்த்தால் அந்தப் பகுதியை வெளியூர் ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. எங்களுக்கு ஒப்பிடுவது நோக்கம் இல்லை என்பதால் பரவாயில்லை.

கிளிக்கர் என்று இரண்டு மூன்று குறியீடுகள் வரும். மாணவர் கையில் இருக்கும் பட்டன் கருவி, அதை அழுத்திப் பதில் சொல்வார்கள். நம்மிடம் அது கிடையாது, தேவையும் இல்லை. ஏ, பி, சி, டி என்று நாலு நிற அட்டை போதும். எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் ஹார்வர்டில் 1991ல் தொடங்கிய முறைதான் இது, ஒரு கேள்வியைப் போட்டு முதலில் தனியாகப் பதில் காட்டச் சொல்வது, 30லிருந்து 70 சதவீதம் பேர் வரை சரியாகச் சொல்லியிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி மறுபடி காட்டச் சொல்வது. அந்த வாதம் நடக்கும் நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்டால் பழைய மாதிரி நடத்த மனசு வராது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வராந்தாவில் போகும் பிரின்சிபால் எட்டிப் பார்ப்பார், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

உலகத்தில் மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் ஒரு ஆறுதல். 2018ல் ஸ்டெய்ன்ஸ் என்ற ஆய்வாளர் தலைமையில் ஒரு பெரிய குழு வட அமெரிக்காவில் 25 நிறுவனங்களில் 500க்கு மேற்பட்ட ஆசிரியர்களின் 2,000க்கும் அதிகமான வகுப்புகளை இதே கோபஸ் வைத்துப் பார்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பாதிக்கு மேல், 55 சதவீதம், பெரும்பாலும் விரிவுரை மட்டுமே. மாணவர்களை மையமாக வைத்தவை 18 சதவீதம்தான். அதே கட்டுரையில் இன்னொரு முக்கியமான விஷயம், ஒரு ஆசிரியரின் பாணியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் குறைந்தது நான்கு வகுப்பையாவது பார்க்க வேண்டும். ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஆடிட் எவ்வளவு பொய்யான படத்தைக் கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். ஆடிட் நாளில் எல்லோரும் ஆக்டிவிட்டி நடத்துவார்கள்.

இதற்கு முன்னால் இருந்த ஆர்டிஓபி என்ற கவனிப்புத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அதில் 25 வாசகம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து நாலு வரை மார்க், மொத்தம் 100. பார்ப்பவர் தன் அபிப்பிராயத்தை வைத்து மார்க் போட வேண்டும், அதற்குச் சரியான பயிற்சி வேண்டும் என்றால் நாள்கணக்கில் ஆகும். ஆழமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டால் அடுத்த நாள் டீ குடிக்கச் சேர்ந்து போக முடியாது. கோபஸில் அந்தச் சங்கடமே வராது, என்ன நடந்தது என்பதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன், குறை இருக்கிறது.

பாடம் சரியா தப்பா என்று இது பார்க்காது. ஒருவர் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மில் முழுத் தப்பாக டெரிவேஷன் போட்டாலும் தாளில் போர்டில் எழுதினார் என்றுதான் விழும். கேள்வியின் தரமும் தெரியாது. 'இதுக்கு ஃபார்முலா என்ன?' என்பதும் 'இந்த சிஸ்டம் ஏன் ஸ்டேபிள் இல்லை?' என்பதும் ஒரே டிக்தான். அதனால் நாங்கள் பக்கத்தில் இருக்கும் குறிப்புப் பகுதியில் கேட்ட கேள்வியை அப்படியே எழுதிவிடுவோம், பின்னால் பேசும்போது டிக்கைவிட அந்தக் குறிப்புதான் அதிகம் பயன்படுகிறது. அதே மாதிரி பதில் சொன்னது யார் என்பதும் தெரியாது, எப்போதும் அதே முன் பெஞ்சு மூன்று பேரா, எல்லோருமா? இதற்கு நாங்கள் பெஞ்சு வரைபடம் ஒன்று தனியாக வரைந்து புள்ளி வைக்கிறோம். பெண்கள் பக்கம் ஒரு புள்ளிகூட விழாத ஹவர் உண்டு. அதைப் பார்த்த பிறகு ஆசிரியர் எந்தப் பக்கம் பார்த்துக் கேட்கிறார் என்பதே மாறியது.

லேப் வகுப்புக்கு இது பொருந்தாது, அதற்கு லோபஸ் என்று இன்னொன்று இருக்கிறது, நாங்கள் இன்னும் தொடவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மாணவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பதை இது சொல்லாது. குழுவாக உட்கார்ந்து சினிமா பேசினாலும் குழு வேலை என்று டிக் விழ வாய்ப்பு உண்டு. கற்றதை அளக்கத் தனியாக ஏதாவது வேண்டும். இயற்பியலில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, விசை பற்றிய ஒரு சோதனை, 1992ல் வந்தது, இப்போது அதில் 30 கேள்வி, செமஸ்டர் தொடக்கத்திலும் முடிவிலும் அதையே கொடுத்து எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். ஹேக் என்பவர் 1998ல் 6,000க்கும் அதிகமான மாணவர்களின் மார்க்கைச் சேர்த்துப் பார்த்தார். தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்கள் பேசிச் செய்து படித்த வகுப்புகளில் 0.48. இரண்டு மடங்கு. எங்கள் பாடத்துக்கும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் கருத்துச் சோதனை என்று 25 கேள்வியில் ஒன்று இருக்கிறது. யுனிவர்சிட்டி ரிசல்ட்டை வைத்து இதை அளக்க முடியாது, பழைய கொஸ்டின் பேப்பரை மனப்பாடம் செய்தும் பாஸ் ஆகலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கோபஸ் தாளையும் இந்த மாதிரி ஒரு முன்-பின் சோதனையையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் வகுப்பில் நடந்ததும் அதனால் விளைந்ததும் இரண்டும் தெரியும்.

நேரமும் ஒரு பிரச்சினைதான். தனியார் கல்லூரியில் ஃப்ரீ ஹவர் என்பதே அரிது, கிடைத்தாலும் கோர்ஸ் ஃபைல், சிஓ-பிஓ அட்டெயின்மெண்ட் என்ற பாட இலக்குக் கணக்கு, அட்மிஷன் வேலை என்று ஏதாவது வந்து நிற்கும். அந்த ஒரு ஹவரை இன்னொருவர் வகுப்பில் போய் உட்காரக் கொடுப்பது பெரிய விஷயம். அதைக் கொடுத்த என் சகாக்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் நிர்வாகம். கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் குழுவான ஐக்யூஏசிக்குச் செய்தி போனதும், நல்ல விஷயம், இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கி ஒரு மார்க் கொடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள், ஆனால் நாங்கள் பிடிவாதமாக மறுத்தோம். மார்க் என்று வந்துவிட்டால் கட்டத்தை நிரப்புவதற்காக வகுப்பு நடக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் 'டிஸ்கஸ் பண்ணுங்க' என்பார்கள், டிக் விழும், படிப்பு நடக்காது. விரிவுரையே தேவைப்படும் நாளும் உண்டு, ஒரு புதிய யூனிட்டின் முதல் ஹவரில் ஆசிரியர்தான் பேச வேண்டும், அதைக் குறையாகக் கணக்கிட்டால் அநியாயம். கடைசியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் துறை முழுக்கச் சேர்த்த படத்தை மட்டும் கொடுத்தோம். தனித் தாள் அந்த ஆசிரியரின் கையில்தான், நகல்கூட யாரிடமும் இல்லை. இந்த ஒரு விதியை விட்டுக்கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து யாரும் மனதாரக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

இதோடு சேர்த்து நாங்கள் செய்யும் இன்னொன்றையும் சொல்கிறேன், இதற்கும் செலவு இல்லை. ஹவர் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அரைத் தாளில் பெயர் போடாமல் இரண்டு வரி எழுதச் சொல்வது, இன்று முக்கியமாக என்ன புரிந்தது, என்ன புரியவில்லை. தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிட வேண்டும், அதைச் சொன்னால்தான் உண்மை வரும். மறுநாள் முதல் ஐந்து நிமிடம் அந்தத் தாள்களில் அதிகம் பேர் கேட்டதற்குப் பதில். நாம் கேட்டது நமக்குத் திரும்பி வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தவுடன் அவர்கள் எழுதும் விதமே மாறிவிடுகிறது. ஈஆர்பியில் காலியாக விட்ட அதே பிள்ளைகள்தான்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஒருவருக்கொருவர் நம்பிக்கை உள்ள இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும், அறிவியல், பொறியியல் துறையில் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இன்றைக்கே தொடங்கலாம். ஆர்ட்ஸ் பாடங்களிலும் பெரும்பாலான குறியீடுகள் பொருந்தும் என்றே நினைக்கிறேன், பட்டியலில் ஏதும் இயற்பியலுக்கென்று தனியாக இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஹெச்ஓடி இதைச் செய்வது வேண்டாம். பயம்தான் மிஞ்சும். புதியவர் முதலில் சீனியரின் வகுப்பில் போய் உட்காரட்டும், அதுவே அவருக்குப் பயிற்சி.

தாளும், எண்களைப் போட்டால் வட்டப்படம் வரைந்து கொடுக்கும் எக்செல் கோப்பும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வீமன் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஆங்கிலம், குறியீடுகள் சுருக்கெழுத்தில் இருக்கும், முதல் சில தடவை விளக்கத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் கை ஓடும். இரண்டு நிமிடத்தைக் காட்ட போனில் சத்தமில்லாமல் அதிரும்படி டைமர் வையுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வகுப்பைப் பார்க்க முடியாது. வகுப்புத் தொடங்கும் முன் மாணவர்களிடம், சார் என்னுடைய முறையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், உங்களை இல்லை என்று அந்த ஆசிரியரே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், தாளில் உண்மை வராது. டெஸ்ட் பேப்பர் கொடுக்கும் நாளையும் இண்டர்னலுக்கு முந்தைய ரிவிஷன் ஹவரையும் விட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்த அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள், தாளைக் காட்டும் முன் அவர் என்ன நினைத்தார் என்று கேட்டுவிட்டு.